பட்டா தாத்தா பேரில், வீடு மழையில் இடிந்துவிட்டது: நிவாரணத்துக்கு எதைக் காட்டுவது?

ஊத்தங்கரைப் பெண் கேட்கிறார்:

வணக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகளை ஏரித் தண்ணீர் உருட்டிக்கொண்டு போன வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வீடியோவில் வராத ஊர்களில் எங்கள் பெரியம்மா ஊரும் ஒன்று. மண் சுவர், மேலே நாட்டு ஓடு. ராத்திரி முழுக்கத் தண்ணீர் நின்று அடிச்சுவர் ஊறி, விடிகாலையில் பின்பக்கச் சுவர் சரிந்து கூரையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஆள் தப்பித்தது பெரிய விஷயம். மூட்டையில் இருந்த கேழ்வரகு நாலு நாளில் முளைவிட்டது.

பிரச்சினை இனிமேல்தான். அந்த இடம் நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கு விட்ட நிலம்), பட்டா எங்கள் தாத்தா பேரில், அவர் இறந்து பல வருஷம். இறப்பைப் பதிவு செய்யவே இல்லை. கணக்கெடுக்க வந்தவர் "உங்கள் பேரில் பட்டா இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார், என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. அரசு வீடு கட்டித் தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கேட்டால் அங்கேயும் பட்டா கேட்கிறார்கள். பக்கத்தில் ஓடைக் கரையில் இரண்டு குடும்பம், அவர்களுக்கு அந்தப் பழைய பட்டாகூடக் கிடையாது. பெரியம்மா இன்னும் தார்ப்பாய்க்குள்தான் சமைக்கிறார். பட்டா இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்பது சட்டமா, இல்லை சொல்கிற பேச்சா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர் மனுக்காரர்:

தங்கச்சி, முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். இடிந்ததற்குக் கொடுக்கிற நிவாரணம் வேறு, புது வீடு கட்டிக் கொடுக்கிற திட்டம் வேறு. கனவு இல்லம் 3.5 லட்சத்தில் 360 சதுர அடி வீடு, அதற்குப் பட்டா கட்டாயம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. நிவாரணம் அப்படி இல்லை. அது பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி வருகிற பணம், அந்த விதியில் பட்டா என்ற சொல்லே கிடையாது. "வீடு உரிய அதிகாரியால் அங்கீகரிக்கப்பட்ட கட்டடமாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைத்தான் கீழே வருகிறவர்கள் பட்டா என்று படித்துக்கொள்கிறார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள், இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். 2022 முதல் 2026 வரைக்கான விதியில் முழுவதும் இடிந்த அல்லது கடுமையாகச் சேதமான வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. மண் வீடு, காரை வீடு என்று இதில் வித்தியாசம் இல்லை. ஆனால் பாதி சேதமான மண் வீட்டுக்கு வெறும் 4,000. குடிசைக்கு 8,000 (ஃபெஞ்சலுக்குப் பிறகு மாநில அரசு குடிசைக்கு 10,000 என்று அறிவித்தது). அப்படியென்றால் வந்தவர் நோட்டில் "ஓட்டு வீடு முழுச் சேதம்" என்று எழுதினாரா, "பகுதிச் சேதம்" என்று எழுதினாரா, "குடிசை" என்று எழுதினாரா என்பதில்தான் லட்ச ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் மாதிரிப் பொருளில் போட்ட, மண் வீட்டைவிடவும் தாழ்ந்த தற்காலிக அமைப்பைத்தான் விதி குடிசை என்கிறது. மண் சுவர் எழுப்பி நாட்டு ஓடு போட்ட நிலையான வீடு தற்காலிகக் குடிசை இல்லை என்று நீங்கள் வாதாடலாம். சுவர் சரிந்து கூரை இறங்கிய வீடு பகுதிச் சேதமும் ஆகாது.

அதனால் அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு "இந்தக் கிராமத்தின் டிசம்பர் 2024 வீட்டுச் சேதக் கணக்கெடுப்புப் பட்டியல், எங்கள் வீட்டை எந்த வகையில் சேர்த்தீர்கள், நிராகரித்திருந்தால் காரணம்" என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் காகிதம் கையில் வந்த பிறகு திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் பேசுங்கள், வெறும் வாயால் போய் அழுதால் மனு கீழேயே திரும்பி வரும். இடிந்த அன்று எடுத்த போட்டோ இருந்தால் போனிலிருந்து அழிக்காதீர்கள், தேதியோடு பிரிண்ட் போட்டு வையுங்கள்.

வீடு முழுக்க இடிந்திருந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்றும் தனியாக உண்டு. அதை யாரும் கேட்பதே இல்லை.

பென்னாகரம் ஆசிரியர்:

மேலே அண்ணன் சொன்னது சரி. நத்தம் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கிராம நத்தம் புறம்போக்கு கிடையாது. ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்க விட்ட இடம், அது அரசு சொத்து ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 1905-ஆம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில்கூட நத்தத்து வீட்டு மனை விலக்கு. அதனால் உங்கள் பெரியம்மாவை யாராவது ஆக்கிரமிப்பாளர் மாதிரி பேசினால் தயவுசெய்து தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடாதீர்கள். பட்டா தாத்தா பேரில் இருப்பதே உங்களுக்குப் பலம், ஊரில் பலருக்கு அதுவும் இல்லை.

செய்ய வேண்டியது: முதலில் தாத்தாவின் இறப்புச் சான்று. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும், அதற்கே நேரம் பிடிக்கும், அதனால் இன்றே ஆரம்பியுங்கள். அப்புறம் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்குப் போடலாம், அது வந்ததும் எல்லா வாரிசுகள் பேரிலும் கூட்டுப் பட்டா. தனிப் பட்டா வேண்டுமென்றால் பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து, சர்வேயர் வந்து அளந்து... அது நீண்ட கதை. வீடு இழந்த குடும்பம் அதுவரை காத்திருக்கக் கூடாது. கூட்டுப் பட்டா வாங்கிக்கொண்டு, மற்ற வாரிசுகள் "இவர் இந்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை நகரும்.

நடைமுறையில் இடறுவது இந்தக் கையெழுத்தில்தான். எங்கள் தெருவில் ஒரு குடும்பம், தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லை, கையெழுத்து வரவே இல்லை. கடைசியில் பேசி முடித்தது அண்ணன் இல்லை, அண்ணி. போனில் இல்லாமல் நேரில் போய் உட்கார்ந்து பேசினார். உங்கள் வீட்டிலும் அப்படிப் பேசக்கூடிய ஆள் யார் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

ஊத்தங்கரைப் பெண்:

ரொம்ப நன்றி அண்ணா, சார். ஓலை வேறு ஓடு வேறு என்று யாருமே சொல்லவில்லை. வீட்டு வரி ரசீதுகள் தகரப் பெட்டியில் இருந்தன, நனைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மை கலங்கிவிட்டது, இரண்டில்தான் எழுத்து தெரிகிறது. கரண்ட் இணைப்பு பெரியப்பா பேரில். இது போதுமா? ஓடைக்கரைக் குடும்பங்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள், அவர்கள் கேட்கச் சொன்னார்கள்.

அரூர் மனுக்காரர்:

ரசீது அழிந்தால் பயப்பட வேண்டாம். ஊராட்சியில் வரி கேட்புப் பதிவேடு இருக்கும், அதிலிருந்து நகல் கேளுங்கள். தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது, அதனால் புதுத் தலைவர் வரும்வரை மனுவைத் தனி அலுவலருக்கு, அதாவது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்கு எழுதுங்கள், ஊராட்சிச் செயலரிடம் ஒரு பிரதி. மின் இணைப்பு எண்ணை வைத்து எத்தனை வருஷமாக இணைப்பு இருக்கிறது என்று மின்வாரியத்தில் எழுதி வாங்கலாம். ரேஷன் கார்டில் அதே முகவரி இருக்கும். இத்தனையும் சேர்ந்தால் அங்கே வீடு இருந்ததை, அதில் அவர்தான் குடியிருந்ததை யாரும் மறுக்க முடியாது.

ஓடைக்கரைக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓடை, ஏரி, குளம் புறம்போக்கில் பட்டா கிடைக்காது, நீர்நிலை விஷயத்தில் கோர்ட் ரொம்பக் கண்டிப்பு. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த இடம் கணக்கில் நிஜமாகவே ஓடைதானா, இல்லை பக்கத்துக் கல்லாங்குத்தா (கல் நிறைந்த நிலமா), தரிசா என்று 'அ' பதிவேட்டை, அதாவது கிராம நிலப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்ப்பது ஒன்று, பதிவேட்டில் இருப்பது ஒன்று. ஆட்சேபணை இல்லாத புறம்போக்காக இருந்தால் வரன்முறைப்படுத்தக் கேட்கலாம். ஓடையேதான் என்றால் வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுக்க வேண்டும். எப்போதாவது பி மெமோ (ஆக்கிரமிப்பு நோட்டீஸ்) போட்டு அபராதம் கட்டியிருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், ஆக்கிரமிப்பு என்று அரசே எழுதிக் கொடுத்த காகிதம்தான், ஆனால் எந்த வருஷத்திலிருந்து குடியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஓசூர் தம்பி:

படிக்கப் படிக்க ஆத்திரமாக வருகிறது. இது நம்மூர் கதை மட்டுமில்லை. 2017-ல் மரியா புயல் பியூர்ட்டோ ரிக்கோவை அடித்தபோதும் இதேதான், அப்பா கட்டிய வீட்டில் பிள்ளைகள் பத்திரம் மாற்றாமல் தலைமுறையாகக் குடியிருந்தார்கள், வீட்டு உரிமையைக் காட்ட முடியவில்லை என்று ஆயிரக்கணக்கான மனுக்களை அமெரிக்காவின் பேரிடர் நிறுவனமான பெமா தள்ளிவிட்டது. நிறையப் போராட்டத்துக்கு அப்புறம் 2021 செப்டம்பரில் விதியை மாற்றினார்கள். வேறு ஆவணம் எதுவும் கிடைக்காத வாரிசுச் சொத்துக்காரர்கள் தாங்களே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அவ்வளவு ஏன், 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக் குப்பங்களில் பட்டாவே பார்க்காத குடும்பங்களுக்கு வீடு கட்டி, கணவன் மனைவி இரண்டு பேர் பேரிலும் கொடுத்தார்கள். அன்றைக்கு முடிந்தது தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு மட்டும் ஏன் முடியாது? அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே போடுங்கள் அக்கா, வீடு இடிந்த ஒவ்வொருவர் பேரையும், ஓடோ ஓலையோ அதையும் சேர்த்து.

ஊத்தங்கரைப் பெண்:

சரி தம்பி. தகவல் உரிமை மனுவை நாளைக்கே ரிஜிஸ்டர் தபாலில் போடுகிறேன். ஓடைக்கரை வீட்டில் பி மெமோ ரசீது ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள், கிடைத்தால் அதில் உள்ள வருஷத்தை இங்கே எழுதுகிறேன். கூட்டுப் பட்டாவுக்குச் சித்தப்பா மகனிடம் பேசப் பெரியம்மாவே போகிறேன் என்கிறார்.