உவமை என்று எழுதியதோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்

கிளிநொச்சிப் பக்கம் தரம் 11 பிள்ளைகள் 18 பேருக்குக் கவிதை நயம் படிப்பிக்கிறேன். 3 மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறோம்.

நான் கொடுத்த ஒழுங்கு: இரண்டு தரம் உரக்க வாசிப்பது, யார் யாருக்குச் சொல்வது என்று பார்ப்பது, சொற்பொருள், உவமை, ஓசை, அப்புறம் எழுதுவது. எழுதும்போதுதான் சிக்கல். ‘இங்கே உவமை அணி வந்துள்ளது’ என்பதோடு முற்றுப்புள்ளி.

குறுந்தொகை 40ஆம் பாட்டில் செம்மண்ணில் விழும் மழைபோல நெஞ்சங்கள் கலக்கின்றன. எங்கள் பிள்ளைகள் மாரியில் அந்தச் சிவந்த தண்ணீரை மிதித்துத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். வாயால் கேட்டால், இனி இரண்டையும் பிரிக்க ஏலாது என்று அழகாகச் சொல்கிறார்கள். தாளில் அது வருவதில்லை.

மாதிரி விடை கொடுத்தேன், அப்படியே பாடமாக்கிவிட்டார்கள். சோடியாகப் பேசவிட்டேன், எழுத்து மாறவில்லை.

அந்த உவமை ஏன் அங்கே வந்தது என்பதை எழுத வைக்க, நீங்கள் பிள்ளைகளிடம் என்ன கேள்வி கேட்கிறீர்கள்?