புதுப்பிப்பு: வெறும் "ஃபூச்சூ" எங்கே போக வேண்டும்?

ஜப்பான் ஊர்களுக்கான என் தமிழ்ப் பட்டியலில் "ஃபூச்சூ" என்று மட்டும் தேடினால் எந்த ஊரைக் காட்டுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் தோக்கியோவிலுள்ள ஃபூச்சூவுக்கு வாக்களித்தீர்கள். மக்கள்தொகையைப் பார்த்தால் அது நியாயம்தான். இரண்டரை இலட்சத்துக்கும் மேல்.

ஆனாலும் முடிவு வேறு. வெறும் பெயர் இனி எல்லா ஃபூச்சூக்களையும் பட்டியலிடும் ஒரு வழிகாட்டிப் பக்கத்துக்குப் போகும். பழைய மாகாணங்களின் தலைமையிடத்துக்குத்தான் ஃபூச்சூ என்று பேர். முசாஷி மாகாணத்துக்குத் தோக்கியோ பக்கம் ஒன்று, பிங்கோவுக்கு ஹிரோஷிமா மாநிலத்தின் கிழக்கே ஒன்று. யார் அசல் என்று எப்படிச் சொல்வது? ஹிரோஷிமாக்காரர்கள் நகராட்சியானது 1954 மார்ச் 31, தோக்கியோக்காரர்கள் மறுநாள். ஒரே நாள் இடைவெளியில் இரண்டு "ஃபூச்சூ நகரம்"!

"ஹிரோஷிமா" என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் தீர்ந்துவிடும் என்றார் ஒருவர். தீராது. பழைய அகி மாகாணத்தின் ஃபூச்சூவும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது, நாலாபுறமும் ஹிரோஷிமா மாநகரம் சூழ. மஸ்டா கார் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். இது நகரமல்ல, பேரூர்தான்; ஆனால் இங்கே பிங்கோவின் ஃபூச்சூ நகரத்தைவிட ஆட்கள் அதிகம் என்பது தனி வேடிக்கை. அதனால் "நகரம்", "பேரூர்" என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பழைய குறிப்புகளில் சூழலைப் பார்த்துப் பிரிக்கிறேன்: குதிரைப் பந்தயம், 1968இன் முப்பது கோடி யென் கொள்ளை என்றால் தோக்கியோ, கார் தொழிற்சாலை என்றால் பேரூர். அடுத்து இரண்டு "தாத்தே" நகரங்கள் காத்திருக்கின்றன, ஹொக்கைடோவில் ஒன்று, ஃபுகுஷிமாவில் ஒன்று.