நிருபருக்கு எழுத்துப் பயிற்சி: தேவையா, வீண்வேலையா?

மைக்கூடு:
எங்கள் பத்திரிகையில் அடுத்த மாதம் நிருபர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை. 'செய்தியைக் கதைபோலச் சொல்வது எப்படி' என்று தலைப்பு. செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். நான் இதற்கு ஆதரவு. காரணம், நேற்று வந்த ஒரு தீ விபத்துச் செய்தி: "தகவலறிந்து விரைந்து வந்த தீயணைப்பு வீரர்கள் நீண்ட நேரம் போராடித் தீயை அணைத்தனர். கடையில் இருந்த பொருட்கள் அனைத்தும் எரிந்து நாசமாயின. இச்சம்பவம் அப்பகுதியில் பரபரப்பை ஏற்படுத்தியது." தேதியை மாற்றினால் போதும், எந்தத் தீக்கும் பொருந்தும்.

சிவப்புப் பேனா:
முகம் சுளிப்பவர்களில் நானும் ஒருவன். முக்கியமானது மேலே, மற்றது கீழே என்று தலைகீழ்ப் பிரமிடாக எழுதச் சொல்வது சும்மா இல்லை. கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தால் அடியிலிருந்துதான் வெட்டுவேன். உங்கள் பட்டறைக்குப் போய்வந்தவர் உச்சத்தைக் கடைசிப் பத்தியில் வைத்திருப்பார், முதலில் போவது அதுதான். போன முறை இப்படி ஒரு பயிற்சி நடந்தபோது ஒரு மாதத்துக்கு எல்லாச் செய்தியும் மழையில்தான் தொடங்கின. செத்தது யார் என்று தெரிய ஐந்தாவது பத்தி வரை போக வேண்டியிருந்தது.

மைக்கூடு:
நாலு வரி விபத்துச் செய்திக்கு யார் கதை கேட்டார்கள்? இடம் கொடுக்கிற செய்தியைச் சொல்கிறேன். 1979இல் அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதான புலிட்சரில் சிறப்புக் கட்டுரைப் பிரிவைப் புதிதாகத் தொடங்கினார்கள். முதல் விருது ஜான் ஃபிராங்க்ளினுக்கு. பால்டிமோரில் ஒரு மாலை நாளிதழில் அவர் எழுதிய மூளை அறுவை சிகிச்சைக் கட்டுரை அது. தொடக்கத்தில் அறுவை சிகிச்சை நிபுணர் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார், காபி மட்டும் கிடையாது. குடித்தால் கை நடுங்கும். அந்த ஒரு வரியிலேயே நமக்கும் கை நடுங்க ஆரம்பிக்கிறது. நோயாளி பிழைக்கவில்லை. ஆனாலும் கடைசி வரி வரை படிக்கிறோம்.

சிவப்புப் பேனா:
ஃபிராங்க்ளினைச் சொல்கிறவர்கள் அதே பிரிவில் 1981இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் போஸ்டில் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். ஊசி ஏறுவதைக்கூடக் கண்ணால் பார்த்ததுபோல விவரித்திருந்தார். விருதும் வந்தது. அப்புறம்தான் அப்படி ஒரு பையனே இல்லை என்று தெரிந்தது. விருதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2018இல் ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் இதழில் கிளாஸ் ரெலோட்டியஸ் கற்பனையைச் செய்தியாக எழுதியது வெளிவந்தது, இவரும் விருதுமேல் விருது வாங்கியவர். கதை நன்றாக இருந்ததால் 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை. சக நிருபர் ஒருவர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் குட்டு உடைந்தது.

சைக்கிள் நிருபர்:
இரண்டு பேரும் டெஸ்க்கில் உட்கார்ந்து சண்டை போடுகிறீர்கள். செய்திக்கு அலைகிறவன் ஒன்று சொல்லட்டுமா? வேலையில் சேர்ந்த புதிதில் நானும் ஒரு தீ விபத்துக்குப் போனேன். மேலே இருக்கிற 'பரபரப்பு' மாதிரியேதான் எழுதி அனுப்பினேன். இரவு ஒரு மூத்த உதவி ஆசிரியர் போனில் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, அங்க பார்த்ததுல எழுதாம விட்டது என்ன?" என்று கேட்டார். யோசித்தேன். கடைக்காரர் கையில் பூட்டுச் சாவி இருந்தது. ஷட்டர் உருகிச் சரிந்து கிடக்கிறது, இவர் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நிற்கிறார். பார்த்தேன், ஆனால் அது செய்தி இல்லை என்று விட்டுவிட்டேன். "அதை இரண்டாவது வரியா வை" என்றார். அவ்வளவுதான் நான் பெற்ற பயிற்சி.

மைக்கூடு:
இதைத்தானே நானும் கேட்கிறேன்! 1977இல் ஃபுளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ், இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்த ராய் பீட்டர் கிளார்க்கை இதற்கென்றே வேலைக்கு எடுத்தது. நிருபர்களோடு உட்கார்ந்து எழுத்தைப் பற்றிப் பேசுவதுதான் வேலை.

சிவப்புப் பேனா:
அது ஒரு ஆளுக்கு முழுநேர வேலை. இங்கே மூன்று பேர் எட்டுப் பக்கம் முடிக்கிறோம், யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது? ஆனால் சைக்கிள் சொன்ன கேள்வியை ஒத்துக்கொள்கிறேன். எழுதிய பிறகு இல்லை, களத்திலிருந்து கிளம்பும் முன்னாலேயே கேட்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் சாவி ஞாபகத்தில் இருக்காது, இருந்தாலும் எந்தக் கையில் என்பது கற்பனையாகிவிடும். இன்னொன்று, இப்படி ஒரு காட்சி எழுதினால் ஓரத்தில் 'நானே பார்த்தேன்' அல்லது 'இன்னார் சொன்னார்' என்று குறித்து அனுப்ப வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் வெட்டுவேன்.

சைக்கிள் நிருபர்:
குறித்து அனுப்பினால் வெட்ட மாட்டீர்களா?

சிவப்புப் பேனா:
விளம்பரம் வராவிட்டால்.

மைக்கூடு:
சரி, பட்டறையின் இரண்டாம் நாளை எடுத்துவிடச் சொல்கிறேன். பதிலுக்கு வாரம் ஒரு செய்தி, ஒரு நிருபர், அரை மணி நேரம். நீங்கள் உட்காருவீர்களா?

சிவப்புப் பேனா:
முதல் நாளையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தீ விபத்துச் செய்தியை எழுதிய பையனை வியாழக்கிழமை மதியம் வரச் சொல்லுங்கள். குறிப்பேட்டோடு.