போதைமருந்து ஓவர்டோஸ் வரைபடத்தில் உங்களை இன்னும் உறுத்தும் புள்ளி எது? அனுபவப் பகிர்வு

கட்டம்போட்டவன்:
ஆஸ்பத்திரி வாசல் சிவப்பாக எரிகிற வரைபடத்தை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கவுண்டியின் (மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் மாதிரி) ஓவர்டோஸ் இறப்புப் பதிவை அப்படியே ஜியோகோடிங் செய்து, அதாவது முகவரிகளை வரைபடப் புள்ளிகளாக்கி, புள்ளிகள் கூடுமிடம் சிவக்கும் ஹீட் மேப் போட்டு, "இதுதான் ஹாட்ஸ்பாட்" என்று களக்குழுவின் கையில் கொடுத்தாயிற்று. குழு, ஓவர்டோஸை முறிக்கும் நலோக்சோன் மருந்தான நார்க்கான் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போய் இறங்கிய இடம் எமர்ஜென்சி வார்டின் கார் பார்க்கிங். சுற்றிலும் நர்ஸுகளின் கார்கள்தான். ஆம்புலன்ஸில் வந்து அங்கே இறப்பு உறுதியான அத்தனை பேருக்கும் 'இறந்த இடம்' ஒன்றுதானே! அந்த அட்டவணைப் பத்தியை யாரோ முகவரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க இறப்புச் சான்றிதழில் இடம் மூன்று தடவை வரும்: வசித்த இடம், இறந்த இடம், சம்பவம் நடந்த இடம். நார்க்கான் எங்கே கொடுக்க வேண்டும் என்பதற்கு மூன்றாவது. சிகிச்சை மையம் எந்தப் பக்கம் தேவை என்பதற்கு முதலாவது. இரண்டாவதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சங்கடம் என்னவென்றால், காலியாகக் கிடப்பதும் அந்த மூன்றாவது பத்திதான். இல்லையென்றால் வெறுமனே 'மோட்டல்' என்று இருக்கும். ஈஎம்எஸ் (அவசர ஆம்புலன்ஸ் சேவை) பதிவில் ஆம்புலன்ஸ் எங்கே போனது என்பதைத் தேதியோடு ஒப்பிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

நெட்டாங்கு:
ஆஸ்பத்திரியாவது பக்கத்தில் இருக்கிறது. ஓஹாயோ கோப்பு ஒன்றில் நெட்டாங்குக்கு (தீர்க்கரேகை எண்) முன்னால் இருக்கவேண்டிய கழித்தல் குறி உதிர்ந்துபோய், 39.1, -84.5 என்பது 39.1, 84.5 ஆகிவிட்டது. புள்ளிகள் போய் விழுந்தது தக்லமாக்கான் பாலைவனத்தில். இதெல்லாம் நல்ல பிழை, ஏனென்றால் பார்த்தவுடனே கண்ணில் படும்.

கண்ணில் படாதது வேறு. முகவரி பொருந்தாவிட்டால் ஜியோகோடர் 'கிடைக்கவில்லை' என்று சொல்லாது. ஜிப் கோடு (அஞ்சல் குறியீடு) பகுதியின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். கவுண்டியின் கிழக்கு மூலையில் ஒரு சோளக்காட்டு நடுவே 37 புள்ளிகள், காசை அடுக்கினமாதிரி ஒன்றன்மேல் ஒன்று. தூர இருந்து பார்த்தால் ஒரே புள்ளி. ஹீட் மேப் போட்டால் கவுண்டியிலேயே மோசமான இடம். போய்ப் பார்த்தால் ஒரு தானியக் குதிர், ஒரு தபால் பெட்டி.

ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ஜியோகோடர் என்றால் முடிவுக் கோப்பில் முகவரி வகை என்று ஒரு பத்தி வரும். கட்டட முகவரி, தெரு எண், குறுக்குச் சந்திப்பு இவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர் மட்டும், ஜிப் மட்டும், ஊர் மட்டும் என்று வந்தவற்றைத் தனிக் கோப்பில் ஒதுக்குங்கள். மதிப்பெண் 90க்குக் கீழே இருந்தால் கையால் பாருங்கள். மதிப்பெண்ணை மட்டும் நம்பவும் கூடாது: ஜிப் கோடு சரியாகப் பொருந்தினாலே 100 கொடுத்துவிடும்! அது வகையைப் பற்றிய மதிப்பெண் இல்லை, பொருத்தத்தைப் பற்றியது.

அப்புறம் எக்செல். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி ஜிப் கோடெல்லாம் பூஜ்யத்தில் தொடங்கும். கோப்பைத் திறந்து சேமித்தாலே 02139 என்பது 2139 ஆகிவிடும், வரைபட எல்லைக் கோப்போடு இணைப்பு அறுந்துபோகும். பத்தியை 'உரை' என்று அறிவித்துவிட்டுத்தான் இறக்குமதி செய்யவேண்டும். கனெக்டிகட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: சென்சஸ் துறை 2022 முதல் அங்கே பழைய 8 கவுண்டிகளை விட்டுவிட்டு 9 திட்ட மண்டலங்களுக்கு மாறிவிட்டது. பழைய இறப்புக் கோப்பையும் புதிய எல்லைக் கோப்பையும் இணைத்தால் மாநிலமே வெள்ளையாக வரும். இறப்பே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மூடியபாப்அப்:
எனக்கு உறுத்துவது ஒரே ஒரு வீடு. பொது வரைபடம், அழகான ஹீட் மேப், மேலே "தனிநபர் விவரம் எதுவும் இல்லை" என்ற வாசகம். ஸூம் செய்யச் செய்யச் சிவப்பு சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கூரையின் மேல் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் எவருக்கும் அது யார் வீடு என்று தெரியும்.

ஹீட் மேப்பின் ஆரம் பெரும்பாலும் பிக்சல் கணக்கில் இருக்கிறது, மைல் கணக்கில் இல்லை. அதனால் ஸூமுக்கு ஏற்ப அது தன்னைத் திருத்திக்கொள்ளும். பொதுவில் வைப்பதென்றால் ஸூம் எல்லையைப் பூட்டுங்கள், அல்லது ஹீட் மேப்பையே விடுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை பின்னால் இருக்கிறது. புள்ளியை அழுத்தினால் திறக்கும் பாப்அப்பில் பெயர், வயது, தெரு எண் வராதபடி மறைத்துவிட்டு, தரவும் மறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். மறைந்தது பாப்அப்பில் மட்டும்தான். லேயரின் (வரைபடத்தில் அடுக்கும் தரவுத் தொகுதி) இணையச் சேவை முகவரி பொதுவில் இருந்தால், உலாவியில் அதைத் திறந்து வினவல் பக்கத்தில் எல்லாப் பத்தியையும் கேட்டால் வரிசையாகக் கொட்டிவிடும். செய்யவேண்டியது: மூல லேயரை யாருக்கும் பகிராதீர்கள். அதிலிருந்து ஒரு 'வியூ' லேயர் எடுங்கள், அதில் தேவையில்லாத பத்திகளை நீக்குங்கள், ஏற்றுமதியை அணைத்துவிடுங்கள், அந்த வியூவை மட்டும் பொதுவாக்குங்கள். பிறகு லாகின் இல்லாத ஜன்னலில் திறந்து நீங்களே திருடிப் பாருங்கள். கூகுள் மை மேப்ஸ் என்றால் திருடுவது இன்னும் எளிது, பொதுவாக்கினால் புள்ளிகளை கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் (சிடிசி) வொண்டர் புள்ளிவிவரத் தளத்தில் 1 முதல் 9 வரை உள்ள இறப்பு எண்ணிக்கையைக் காட்டமாட்டார்கள். அதைப் பார்த்து நம் கவுண்டிகளும் ஒரு ஜிப்பை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தை அடியில் போடுகின்றன. மொத்தம் 31, தெரிகிற இரண்டு ஜிப்பில் 14, 12 என்றால் மறைத்தது 5 என்று பள்ளிப் பிள்ளை சொல்லும். ஒன்றை மறைத்தால் துணைக்கு இன்னொன்றையும் மறைக்கவேண்டும். தினமும் புதுப்பிக்கிற டேஷ்போர்டில் நேற்று 12, இன்று 13 என்று வந்தால் அதுவும் அதே கதைதான். வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை மாற்றுங்கள். புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைக்கும் முறை, அதாவது குறைந்தது இவ்வளவு தூரம், அதிகம் இவ்வளவு தூரம் என்று வளையத்துக்குள் நகர்த்துவது, பரவாயில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை நகர்த்திச் சேமித்துவிடவேண்டும். பக்கம் திறக்கும்போதெல்லாம் புதிதாக நகர்த்தினால், ஐம்பது தடவை இறக்கிச் சராசரி எடுப்பவனுக்கு உண்மையான வீடு கிடைத்துவிடும்.

தெருவிளக்கு:
மூடியபாப்அப், நீங்கள் சொல்கிறபடி மறைத்துக்கொண்டே போனால் களத்தில் நடப்பவன் கையில் என்ன மிஞ்சும்? புள்ளிக்குப் பதில் சென்சஸ் டிராக்ட் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு பகுதி) வாரியாகக் காட்டினால் சராசரி 4,000 பேர். நார்க்கானை எந்த மூலையில் கொடுப்பது என்று அது சொல்லாது.

மூடியபாப்அப்:
பொதுமக்களுக்கு ஒரு வரைபடம், குழுவுக்கு லாகினோடு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கத்தான் வேண்டாம் என்கிறேன்.

திங்கட்கிழமை:
குழுவுக்கான வரைபடம் என்றால் ஓடிமேப் என்ற ஓவர்டோஸ் பதிவுத் தளம்தான். போதைப்பொருள் தடுப்புக் கூட்டமைப்பான வாஷிங்டன்/பால்டிமோர் ஹைடா அதை 2017 ஜனவரியில் தொடங்கியது. ஓவர்டோஸ் என்று சந்தேகிக்கும் சம்பவத்தை, உயிர் போனதா இல்லையா, நலோக்சோன் கொடுத்தார்களா என்பதோடு பதிந்தால் வரைபடத்தில் விழுந்துவிடும், பெயர் கேட்பதில்லை. 24 மணி நேரத்தில் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும்.

உறுத்துவது அந்த மின்னஞ்சல். காலை 9:40க்கு வந்தது. தொலைபேசிகள் அலறி, பக்கத்துக் கவுண்டி வரை சொல்லி, இரண்டு வேன் கிளம்பிவிட்டது. பிறகு பார்த்தால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் காகிதத்தையும் யாரோ திங்கள் காலையில் மொத்தமாக ஏற்றியிருக்கிறார்கள், சம்பவ நேரப் பத்தியில் பதிந்த நேரத்தைப் போட்டு. மொத்தமாக ஏற்றுகிற எந்தக் கோப்பிலும் சம்பவ நேரமும் பதிந்த நேரமும் தனித்தனிப் பத்தியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சராசரியோடு இரண்டு திட்டவிலக்கம் (வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) என்ற கணக்கு பெரிய நகரத்துக்குச் சரிப்படும். வாரம் ஒரு சம்பவம் நடக்கிற சிறிய கவுண்டியில் அந்தக் கணக்கு ஒன்றிலோ இரண்டிலோ வந்து நிற்கும். மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு யாரும் மின்னஞ்சலைத் திறக்கமாட்டார்கள். அங்கே 72 மணி நேரத்தைப் பாருங்கள், அல்லது பக்கத்துக் கவுண்டிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

தெருவிளக்கு:
ஓடிமேப்பைப் போலீசும் பார்க்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஹாட்ஸ்பாட் என்று வட்டம் போட்ட தெருவில் களக்குழு போவதற்கு முன்னால் ரோந்து கார் போய் நிற்கும். அடுத்த வாரம் அந்தத் தெருவில் ஒருவர் மூச்சில்லாமல் கிடந்தால் அவசர எண்ணான 911ஐ அழைக்கக் கை வருமா? உதவிக்கு அழைத்தவரை வழக்கிலிருந்து காக்கும் நல்ல சமாரியர் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, தெருவில் இருப்பவர் சட்டப் பிரிவு படித்துவிட்டு நிற்பதில்லை. இண்டியானாபொலிஸ் பற்றி 2023இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு ஆபத்தையும் சொன்னது: போலீஸின் ஓபியாய்டு (ஹெராயின் வகைப் போதைப்பொருள்) பறிமுதல் நடந்த இடத்தைச் சுற்றி 100, 250, 500 மீட்டருக்குள், அடுத்த 7, 14, 21 நாட்களில் ஓவர்டோஸ் கூடியது. காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. வழக்கமாக வாங்குபவரிடம் கிடைக்காவிட்டால் வேறு ஆளிடம் வாங்கவேண்டும், அதில் மிக வீரியமான ஃபென்டனில் மருந்து எவ்வளவு என்று தெரியாது; இடையில் இரண்டு நாள் நின்றிருந்தால் தாங்கும் சக்தியும் குறைந்திருக்கும். ஆகவே பறிமுதல் நடந்த தேதியும் இடமும் களக்குழு வரைபடத்தில் ஒரு லேயராக வரவேண்டும். ரோந்துக்காக இல்லை. மறுநாளே நார்க்கானோடும் ஃபென்டனில் சோதனைப் பட்டைகளோடும் அங்கே போய் நிற்பதற்காக.

திங்கட்கிழமை:
ரோந்து விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் போலீஸ் பதியாவிட்டால் பல கவுண்டிகளில் வரைபடமே காலி. ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்வது அவர்கள்தான்.

பச்சைப்புள்ளி:
சண்டையை நிறுத்திவிட்டு நார்க்கான் கிடைக்கும் இட வரைபடத்துக்கு வாருங்கள். பச்சைப் புள்ளி, அழுத்தினால் "24 மணி நேரமும்". இரவு பதினொன்றுக்குப் போனால் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பெட்டி தெரிகிறது, கதவு மாலை ஆறுக்கே பூட்டியாகிவிட்டது. பெட்டி 24 மணி நேரமும் திறந்துதான் இருக்கிறது, பொய்யில்லை!

படிவத்தில் 'நேரம்' என்று ஒரே பத்தி வைத்தால் இப்படித்தான் வரும். கட்டட நேரம் வேறு, பெட்டி நேரம் வேறு. கூடவே வேண்டியவை: வெளியிலா உள்ளேயா, ஆளிடம் கேட்கவேண்டுமா, அடையாள அட்டை கேட்பார்களா, கடைசியாக நிரப்பிய தேதி, தொலைபேசியில் சரிபார்த்த தேதி. சரிபார்த்து 90 நாள் தாண்டிய புள்ளி தானாகச் சாம்பல் நிறமாக மாறட்டும். 4 மில்லிகிராம் நார்க்கான் மூக்கு ஸ்ப்ரே 2023 மார்ச்சில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி பெற்றது, அதனால் மருந்துக்கடைப் புள்ளிகளும் கூடிவிட்டன. இலவசம் எது, காசு எது என்று நிறத்திலேயே தெரியாவிட்டால் வரைபடம் ஏமாற்று வேலையாகிவிடும்.

வெளிச்சுவரில் வைக்கும் பெட்டிக்கு எந்தத் திசை என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கவேண்டிய மருந்து, இடையில் 40 வரை போகலாம், உறையக்கூடாது. மேற்குப் பார்த்த உலோகப் பெட்டி ஜூலை மதியத்தில் 40ஐத் தாண்டிவிடும். காலாவதித் தேதியைப் பெட்டியில் பார்த்தே எழுதுங்கள். 2024 ஜனவரிக்குப் பிறகு தயாரான நார்க்கானுக்கு 4 வருடம், அதற்கு முன் தயாரானதற்கு அது பொருந்தாது.

ஆற்றங்கரை:
ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் மருந்து கொடுக்கும் மையத்தைச் சுற்றி 5 மைல் வட்டம். வட்டத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு 'அணுகல் உண்டு' என்று பச்சை அடித்திருந்தது. நடுவில் ஆறு, பாலம் 11 மைல் தள்ளி. பஸ் கிடையாது.

இதில் இரண்டு தப்பு. வட்டத்துக்குப் பதிலாகப் பயண நேரம் போட்டிருக்கவேண்டும், காரில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று. மெத்தடோன் மையங்கள் விடியற்காலையில் திறக்கும், அதனால் பஸ் கணக்கைக் காலை 5:30க்குப் போட்டுப் பாருங்கள், மதியத்துக்கு இல்லை. இரண்டாவது, அது 5 மைலே இல்லை. வெப் மெர்கேட்டரில் (இணைய வரைபடங்களின் தட்டை வடிவம்) தட்டையாக அளந்து வட்டம் போட்டால் 40 பாகை அட்சத்தில் 5 மைல் என்பது தரையில் ஏறக்குறைய 3.8 மைல்தான். பூமியின் வளைவோடு அளக்கும் 'ஜியோடெசிக்' தேர்வை அழுத்தினால் தீர்ந்தது.

2024 மத்திய அரசு விதிப்படி முதல் இரண்டு வாரத்தில் 7 நாள் மருந்து வரையும், 31ஆம் நாளிலிருந்து 28 நாள் வரையும் வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் மாநிலமும் மையமும் அதைவிடக் கெடுபிடியாக இருக்கலாம், ஆகவே பலருக்கு தினசரிப் பயணம்தான். பியூப்ரெனார்ஃபின் (இன்னொரு சிகிச்சை மருந்து) எழுதும் டாக்டர்களின் லேயரை வைத்திருப்பவர்களும் அதைத் தூசி தட்டுங்கள். அந்த மருந்தை எழுத டாக்டர்களுக்கு வேண்டியிருந்த எக்ஸ் வெய்வர் என்ற தனி அனுமதி 2022 டிசம்பரோடு ஒழிந்தது. பழைய வெய்வர் பட்டியலை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வரைபடங்களில் எண்ணைச் சுழற்றினால் "டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார்" என்கிறார்கள். அப்படி மூன்று அழைப்பு போனால் நான்காவதை யாரும் அழைப்பதில்லை.

நெட்டாங்கு:
ஆற்றங்கரை, பயண நேரத்துக்கு எங்கிருந்து புறப்படுவதாகக் கணக்கு போட்டீர்கள்? டிராக்ட் நடுப்புள்ளி என்றால் அதுவும் என் சோளக்காடுதான். டிராக்டைவிடச் சிறிய பகுதியான பிளாக் குரூப்பை மக்கள்தொகை எடை போட்டு எடுங்கள்.

ஆற்றங்கரை:
நடுப்புள்ளிதான். மாற்றிவிட்டுப் போடுகிறேன்.