கணக்கெடுப்பில் பேருந்து உண்டு, ஊருக்குள் இல்லை: மனுவில் எந்த எண்ணிக்கையை எழுதுவது?

கேள்வி: விலக்குக்காரன்

உசிலம்பட்டிப் பக்கம், நெடுஞ்சாலையில் ஊர்ப் பாதை பிரியும் விலக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். நூற்றுச் சொச்சம் வீடுகள். காலையும் மாலையும் வந்து திரும்பிய நகரப் பேருந்து நின்றுபோனதிலிருந்து, பள்ளிப் பிள்ளைகளும் மல்லிகைப் பூ மூட்டையோடு சந்தைக்குப் போகும் பெண்களும் விலக்கு வரை நடக்கிறார்கள். குறைதீர் நாளில் மனுக் கொடுத்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உங்கள் கிராமத்துக்குப் பேருந்து வசதி உள்ளது என்று பதில் வந்தது. அந்தப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயரே இல்லை. பக்கத்துப் பெரிய ஊரின் பெயரும், எங்களைப் போலப் பல மடங்கு மக்கள்தொகையும்தான் இருக்கின்றன. அடுத்த மனுவில் எதை எழுதுவது?

மறுமொழி 1: கிராமக் கணக்கு

பதில் பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு உதவாது. கணக்கெடுப்பு எண்ணுவது வருவாய்க் கிராமத்தை. தாய்க்கிராமமும் அதன் எல்லைக்குள் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களும் ஒரே வரியில் அடங்கிவிடும். எல்லைக்குள் எங்காவது ஒரு நிறுத்தம் இருந்தால் அந்த வரி முழுவதற்கும் பேருந்து ‘உண்டு’. இல்லாத ஊர்களுக்குக்கூட, வசதி கிடைக்கும் இடம் ஐந்து கிலோமீட்டருக்குள்ளா, ஐந்திலிருந்து பத்துக்குள்ளா, அதற்கு மேலா என்று மூன்றே வகையாகத்தான் தூரம் குறிக்கப்படும். ஆகவே நீங்கள் நடக்கும் மூன்று கிலோமீட்டர் அங்கே ஒருபோதும் பெரிதாகத் தெரியாது. அடுத்த கணக்கெடுப்போ 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது.

வாக்காளர் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பாகமும் தெரு, குக்கிராமம் வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியே எண்ணிவிடலாம். சிறுவர்களுக்குப் பள்ளி, அங்கன்வாடிப் பதிவேடுகள் உண்டு. திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய், வாக்கை மட்டும் ஊரில் வைத்திருப்பவர்களை மறக்காமல் கழித்துவிடுங்கள். பெருக்கிக் காட்டிய எண் ஒருமுறை பிடிபட்டால் மனு முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இன்னொன்று: 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் வருவாய்க் கிராமத்தை அல்ல, குடியிருப்பையே அலகாகக் கொள்கிறது, சமவெளியில் குறைந்தது 500 பேர் என்பது அதன் வரம்பு. சாலைக்குக் குடியிருப்பைத் தனியே எண்ணும் அரசு, பேருந்துக்கு மட்டும் ஏன் எண்ணக் கூடாது என்று மனுவிலேயே கேட்கலாம்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற நடத்துநர்

தம்பி, பணிமனையில் மக்கள்தொகையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு நடைக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்பதே பேச்சு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் அவர்களுக்கும் சீட்டுக் கிழிக்கிறோம், ஆகவே அவர்கள் கணக்கில் வருகிறார்கள். காலை எட்டு மணிக்கு விலக்கில் ஏறுவோரை ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள்.

சாலையையும் பாருங்கள். ஒரே வண்டி போகும் அகலத்தில் இருபுறமும் சீமைக்கருவேலம் சாய்ந்து சன்னல் கம்பிக்குள் முள் நுழைந்தால் எந்த ஓட்டுநரும் வரத் தயங்குவார். கண்மாய்க்கரை முடிவில் வண்டி திரும்ப இடமில்லாமல், பின்னோக்கியே ஓட்டி வந்த தடங்களை நான் அறிவேன். ஊராட்சி முள்ளை வெட்டித் திரும்புமிடம் ஒதுக்கினால், தட்டிக்கழிக்க ஒரு காரணம் குறையும்.

மறுமொழி 3: மேலூரான்

சிற்றுந்தையும் (மினி பஸ்) யோசியுங்கள். 2025 ஜூனில் தொடங்கப்பட்ட புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் குறைந்தது 65 விழுக்காடு பேருந்து ஓடாத பாதையாக இருக்க வேண்டும். ஓட்டுபவர் தனியார் என்பதால் நூறு வீட்டை நம்பி மட்டும் வரமாட்டார். அக்கம்பக்கத்துக் குக்கிராமங்களைச் சேர்த்து ஒரே தடமாக வரைந்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுங்கள்.

விலக்குக்காரன்

நன்றி ஐயா. எங்களுக்கு அப்பால் இன்னும் இரண்டு குடியிருப்புகள் இருக்கின்றன. ஒன்று வேறு ஊராட்சியைச் சேர்ந்தது. இரண்டு கிராம சபைகளிலும் ஒரே தடத்துக்குத் தீர்மானம் போடச் சொல்லி, நவம்பர் 1 கூட்டத்துக்கு முன்பே தலைவர்களைப் பார்த்துப் பேசுகிறோம்.