ட்வின் கேம் 103: இருவர் பயணத்துக்கு எந்த கேம்ஷாஃப்ட் சரி?

நெடுவழி (சான் அன்டோனியோ, டெக்சஸ்):
வணக்கம். என் வண்டி 2012 ஹார்லி ரோடு கிங் பைக், 103 கன இன்ச் ட்வின் கேம் இன்ஜின். ஏர் கிளீனரும் சைலன்சரும் மாற்றி, அதற்கேற்ப இன்ஜின் கணினியில் டியூனும் செய்தாயிற்று. பெரும்பாலும் மனைவியோடு, இரண்டு பெட்டியும் நிறையச் சாமானோடுதான் பயணம். ஐ-10 சாலையில் கெர்வில் தாண்டி ஜங்ஷன் என்ற ஊருக்குப் போகும் ஏற்றங்களில், ஆறாவது கியரில் 60 மைல் வேகத்தில் திராட்டிலைத் திருகினால் வண்டி இழுக்கத் தயங்குகிறது. வெயில் காலத்தில் லேசாக நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிக்கும்) சத்தமும் வருகிறது.

கடையில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேமை மாற்றி, எஸ்&எஸ் 585 கேம் போடலாம் என்கிறார்கள். நண்பர் ஸ்க்ரீமிங் ஈகிள் 255 என்கிறார். இன்னொருவர் ஆண்ட்ரூஸ் 48. எனக்கு உச்ச ஹார்ஸ்பவர் தேவையில்லை, 2000 முதல் 3500 ஆர்பிஎம்முக்குள் நல்ல இழுவை வேண்டும். ஹெட்டையும் பிஸ்டனையும் தொடும் எண்ணம் இல்லை. எதை வாங்கலாம்?

ரெஞ்சுப்பெட்டி (மிச்சிகன்):
தம்பி, முதலில் அந்த நாக்கிங்கைப் பாருங்கள். ஆறாவது கியரில் 60 மைல் என்றால் இன்ஜின் 2300-ஐ ஒட்டித்தான் சுற்றும். அவ்வளவு பாரத்தோடு ஏற்றத்தில் அங்கே திராட்டிலைத் திறந்தால் எந்த 103-உம் திணறும். ஐந்தாவதுக்கு இறக்கிவிட்டு ஏறிப் பாருங்கள். 93 ஆக்டேன் பெட்ரோல்தானே போடுகிறீர்கள்? அப்படியும் சத்தம் நிற்காவிட்டால், இன்டேக் மேனிஃபோல்டு சீலில் காற்றுக் கசிகிறதா, டியூனில் இக்னிஷன் டைமிங் அதிகமாக முன்னே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புது கேம் போடவே கூடாது.

இனி கேம். எல்லோரும் லிஃப்ட் எவ்வளவு, அதாவது வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் தேவைக்கு இன்டேக் வால்வு எந்த டிகிரியில் மூடுகிறது என்பதுதான் முக்கியம். பிஸ்டன் அடிவரை போய்த் திரும்பி ஏறத் தொடங்கிய பிறகும் அந்த வால்வு கொஞ்சம் திறந்தேதான் இருக்கும். அது மூடிய பிறகுதான் கலவை உண்மையில் அமுங்க ஆரம்பிக்கும். தாமதமாக மூடும் கேமில், குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். 4500-க்கு மேல் உள்ளே பாயும் காற்றின் வேகமே அதைத் திரும்ப விடாது. அங்கேதான் அந்தக் கேம் பவர் கொடுக்கும். நீங்கள் அந்தப் பக்கம் போவதே இல்லையே.

585 நல்ல கேம்தான். ஆனால் அதற்குக் கம்ப்ரெஷனைக் கூட்டிய இன்ஜின் வேண்டும். உங்களுடையது 9.6-ஐ ஒட்டிய ஸ்டாக் கம்ப்ரெஷன், கீழே இருக்கும் இழுவையும் குறைந்துவிடும். 255 இதற்கு நேர் எதிர். சீக்கிரம் மூடும், 2000-லேயே தூக்கும், ஆனால் சிலிண்டரில் அழுத்தம் ஏறிவிடும். டெக்சஸ் வெயிலில், ஏற்கெனவே நாக் ஆகும் வண்டியில் நான் அதைப் போடமாட்டேன். உங்கள் பயணத்துக்கு 48-தான் என் தேர்வு.

தார்ச்சாலை (அரிசோனா):
நான் அதே 103-இல் ஆண்ட்ரூஸ் 57 ஓட்டுகிறேன். 3000-க்கு மேல் அருமையாக இழுக்கும், ஓவர்டேக் செய்யும்போது சந்தோஷமாக இருக்கும். ஆனால் நான் தனியாகப் போகிறவன், கியரைக் குறைத்து இன்ஜினைச் சுற்றவிட்டு ஓட்டுகிறவன். பின்னால் ஆள் உட்கார்ந்தால் அண்ணன் சொன்னதுதான் சரி.

நெடுவழி:
மிக்க நன்றி அண்ணா. ஐந்தாவது கியரில் அதே ஏற்றத்தில் போனேன், சத்தமே இல்லை. 93 ஆக்டேன்தான் போடுகிறேன். சீலையும் சோப்புத் தண்ணீர் தெளித்து... இல்லை, எப்படிப் பார்ப்பது? அப்புறம், கேமோடு வேறு என்னென்ன மாற்ற வேண்டும்? கேமைச் சுற்றும் செயினுக்குப் பதிலாக கியர் டிரைவ் போடலாமா?

ரெஞ்சுப்பெட்டி:
சோப்புத் தண்ணீர் உதவாது, அங்கே காற்று வெளியே வராது, உள்ளே இழுக்கும். இன்ஜினை ஐடிலில் விட்டு, பற்றவைக்காத புரொப்பேன் வாயுவைச் சின்னக் குழாயில் சீல் ஓரமாகக் காட்டுங்கள். ஐடில் மாறினால் அங்கே கசிவு. இன்ஜின் சூடேறும் முன், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

கியர் டிரைவ் வேண்டாம். அதற்கு கிராங்க் பினியன் ஷாஃப்ட்டின் ஆட்டம் 0.003 இன்ச்சுக்குள் இருக்க வேண்டும், பல ட்வின் கேம் கிராங்குகளில் அது கிடைக்காது. 2006 வரை வந்த டூரிங் வண்டிகளில் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனரின் ஷூ தேய்ந்து பெரிய தலைவலியாக இருந்தது. 2007 முதல் ஹைட்ராலிக் டென்ஷனர், செயினே போதும். ஆனால் கேம் கவரைத் திறந்ததும் டயல் கேஜ் வைத்து அந்த ஆட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதிகமாக இருந்தால் ஆயில் பம்ப் தேயும், கேம் செலவுக்கு முன் அதைத்தான் யோசிக்க வேண்டும்.

கேமோடு உள் கேம் பேரிங் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ரோலர்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட, கூண்டு இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். கேமின் மேல் உருண்டு புஷ்ராடைத் தூக்கும் லிஃப்டரும் புதிதாகப் போடுங்கள். விலை கொஞ்சம்தான், பிறகு கெட்டால் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். டென்ஷனர் ஷூ தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீளத்தை மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் புஷ்ராடு வாங்கினால் பழைய ராடுகளை போல்ட் கட்டரால் வெட்டி எடுத்துவிடலாம், டேங்க்கையும் ராக்கர் பாக்ஸையும் கழற்ற வேண்டியதில்லை.

புஷ்ராடை அட்ஜஸ்ட் செய்யும்போது மட்டும் அவசரம் கூடாது. ஒரு சிலிண்டருக்கு உரியதை நீட்டிப் பூட்டியதும், லிஃப்டரிலிருந்து ஆயில் இறங்கி இரண்டு ராடும் விரலால் சுழலும்வரை காத்திருங்கள். இருபது நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் இன்ஜினைச் சுற்றினால் வால்வு பிஸ்டனில் மோதும், ராடு வளையும்.

நெடுவழி:
புரிந்தது. 48, பேரிங், லிஃப்டர், அட்ஜஸ்டபிள் புஷ்ராடு என்று எழுதிக்கொண்டேன். பழைய டியூனே போதுமா?

ரெஞ்சுப்பெட்டி:
போதாது. இந்த வண்டியின் இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) காற்றை நேரடியாக அளப்பதில்லை, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறது. கேம் மாறினால் அந்தக் கணக்கே மாறும். கடைக்காரரிடம் 48-க்கான அடிப்படை மேப்பை ஏற்றச் சொல்லி, டைனோவில் (வண்டியை ஓட்டிப் பவரை அளக்கும் கருவியில்) வைத்து 2000-3500 பகுதியில் அதிக நேரம் செலவிடச் சொல்லுங்கள். உச்ச பவர் காட்டும் தாளை மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.