டெர்வார்: நிலச்சுவையா, நிலவாகா?

வணக்கம்.

கிளிநொச்சியில் மச்சான் ஒரு கோப்பிக்கடை திறக்கிறார். சுவரில் எழுதப்போகும் விபரத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தலையில் விழுந்தது. எல்லாம் சரிவந்தது, 'டெர்வார்' (terroir) என்ற பிரெஞ்சுச் சொல்லில் மட்டும் வந்து நிற்கிறேன். ஒரு பயிருக்கு அது விளையும் இடத்தின் மண், உயரம், காலநிலை எல்லாம் சேர்ந்து கொடுக்கும் தன்மையைச் சொல்லும் சொல் அது. காதில் விழுகிறபடி 'தெருவார்' என்று எழுதினால் தெருவில் போகிறவர்கள் என்றுதான் வாசிப்பார்கள்.

போன கிழமை இந்தக் குழுவில் அதற்குத் தமிழ் 'மண்வாசனை' என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. முதல் மழைக்கு எழும் மணமும், ஊர்வழக்கில் எழுதிய கதையின் தன்மையும் ஏற்கெனவே அந்தச் சொல்லில் குடியிருக்கின்றன. அதைவிட, கோப்பியில் மண் ஒரு பங்குதான். உயர்ந்த மலையில் இரவு குளிரும், பழம் ஆறுதலாகப் பழுக்கும், கொட்டை இறுகும், புளிப்பும் இனிப்பும் தெளிவாக வரும். அதே இனத்தைக் கீழே வெக்கையில் வைத்தால் பழம் அவசரப்பட்டுப் பழுத்து, குடிக்கச் சப்பென்று இருக்கும். நிழல், மழை, சரிவில் தண்ணீர் வடிவது எல்லாம் இதோடு சேர்த்தி.

இனத்தையும் விடக்கூடாது. கெய்ஷா எத்தியோப்பியாவில் பிறந்த கோப்பி இனம். பனாமாவுக்கு வந்து பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2004இல் அங்கே பொக்கேட்டே என்ற மலைப்பகுதியில் ஒரு தோட்டத்தார் உயரத்தில் நின்ற மரங்களின் கொட்டையைத் தனியே பிரித்துப் போட்டிக்கு வைத்தார்கள். மல்லிகைப்பூ மணம், முதலிடம்! மணம் இனத்தின் சொத்து, அதை வெளியே கொண்டுவந்தது உயரம்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒரே தாய்மரத்தில் கட்டிய கறுத்தக்கொழும்பான் மாம்பழ ஒட்டுக்கன்றுகள் இரண்டு. ஒன்று யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவின் செம்பாட்டு மண்ணில், மற்றது இங்கே வாய்க்கால் கரையில். இங்கத்தையது பெரிசு, சாறும் கூட. ஆனால் அந்தத் தித்திப்பு இல்லை.

ஆகவே இனச்சுவை, நிலச்சுவை என்று இரண்டாகப் பிரிக்கலாமா?

—

தங்கச்சி, பிரித்தது நல்லது. ஆனால் டெர்வார் என்பது சுவை அல்ல, சுவைக்குக் காரணம். 'இந்தத் தோட்டத்தின் நிலச்சுவை 1500 மீற்றர் உயரமும் இரவுக் குளிரும்' என்று எழுதிப் பாரும், வசனம் நொண்டும்.

வயலில் 'இந்தக் காணியின் வாகு வேறை' என்கிறோம். மண்ணை மட்டும் வைத்தா சொல்கிறோம்? மேடு பள்ளம், குளத்துத் தண்ணீர் ஏறுமா ஏறாதா, எல்லாம் பார்த்துத்தான். காரணத்துக்கு நிலவாகு, அதனால் வருவதற்கு நிலச்சுவை. 'திணை'யையும் யோசித்தேன், நிலமும் பொழுதும் அதற்குள் அடங்கும். கோப்பி குடிக்க வந்தவருக்கு இலக்கணப் பாடம் எடுக்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன்.

—

அண்ணை, நொண்டுவது உண்மைதான். இனம், நிலவாகு, நிலச்சுவை என்று மூன்று வரியாகச் சுவரில் எழுதக் கொடுத்துவிட்டேன். மச்சான் வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இது பிளேன்ரீக்கும் சரிவருமோ?" சரிவரும் என்றேன். நுவரெலியா உயரத்துத் தேயிலை இளநிறம், இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கடுஞ்சாயம். இப்போது அதற்கும் மூன்று வரி கேட்கிறார்.